நாலு இட்லி தின்ற பிள்ளை

அக்கா மகள் நாலு இட்லியைத் தின்று முடித்துக் கை கழுவப் போயிருந்தாள். பால் ஊற்ற வந்த அம்மாள் வாசலிலிருந்து, "பாப்பா சாப்பிட்டாச்சா?" என்று கேட்டார்.

"எங்க சாப்பிட்டா, ஒரு வாய் எறங்க மாட்டேங்குது. எளைச்சுத் துரும்பாப் போயிட்டா" என்றாள் அக்கா, கொஞ்சமும் தயங்காமல்.

ஈரக் கையோடு திரும்பிய பிள்ளை குனிந்து தன் வயிற்றை ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

குடவாசல் பக்கத்து எங்கள் ஊரில், பிள்ளை நன்றாகச் சாப்பிடுகிறது என்று எந்தத் தாயும் வெளியே சொல்லமாட்டாள். கண் பட்டுவிடும். அக்காவின் பயத்துக்குக் காரணமும் உண்டு. இவளுக்கு முன்னால் ஒரு ஆண் பிள்ளை இருந்தான். ஒரு கல்யாண வீட்டில் யாரோ அவனைத் தூக்கி, "யம்மா, என்னா கனம்!" என்றார்களாம். அந்த வாரமே காய்ச்சல் கண்டு போய்விட்டான். காய்ச்சல் வேறு, அந்தச் சொல் வேறு என்று நான் சொல்லிப் பார்த்திருக்கிறேன். "நீ படிச்சவன்டா தம்பி. பெத்தவ இல்ல" என்பாள்.

அத்தான் சிங்கப்பூரில் வேலை பார்ப்பதால் அக்காவும் பிள்ளையும் எங்கள் வீட்டில்தான் இருந்தார்கள். பிள்ளை வாசலைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிடக் கூடாது. பள்ளிக்கூடத்தில் டப்பாவை மூடியால் மறைத்துக்கொண்டு தின்ன வேண்டும். சாயங்காலம் வேனை விட்டு இறங்கியதும் விசாரணை நடக்கும்.

"இன்னைக்கு யாரு பாத்தா?"

"வேன்காரரு பாத்தாரும்மா."

அன்று வேன்காரர் பேரில் மிளகாய் சுற்றிப் போடப்பட்டது. பிள்ளையும் பாடத்தை நன்றாகப் பிடித்துக்கொண்டாள். இரண்டாவது தோசை தட்டில் விழுந்தால், "மாமா, அந்தப் பக்கம் திரும்பிக்க" என்பாள். நானும் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வேன்.

ஒருநாள் பிள்ளையைக் கூட்டிவரப் போனபோது டீச்சர் என்னைத் தனியே அழைத்தார். "தம்பி, தப்பா நெனைக்காதீங்க. பாப்பா செவுத்தப் பாத்து உக்காந்து சாப்பிடுது. காலைல என்ன சாப்பிட்டன்னு கேட்டா ஒண்ணும் சாப்பிடலங்குது. வீட்டுல ஏதும் கஷ்டமா?"

எனக்குக் காது சூடாகிவிட்டது. அடுத்தவர் வயலில் நடவு நட்டு, கூலி நெல்லில் என்னைப் படிக்க வைத்த வீடு அது. இப்போது சொந்த வயலின் சம்பா மூட்டைகள் கூடத்தில் நடக்க இடமில்லாமல் அடுக்கிக் கிடக்கின்றன. இதையெல்லாம் டீச்சரிடம் சொல்லத் தோன்றவில்லை. கிழிசல் இருக்கிறதா என்று அவர் என் சட்டைக் காலரைப் பார்க்கிறாரோ என்றுதான் தோன்றியது.

அக்காவிடம் சொன்னேன். "அவ ஏன் எம்புள்ள டப்பாவ எட்டிப் பாக்குறா?" என்றாள்.

அடுத்த வாரம் பள்ளிக்கூடத்தில் மருத்துவ முகாம். தாய்மார்கள் கட்டாயம் வர வேண்டும் என்றார்கள். இது டீச்சர் வேலை என்றாள் அக்கா. எனக்கும் அப்படித்தான் பட்டது. துணைக்குப் போனேன்.

பிள்ளையை எடை பார்த்துவிட்டு டாக்டரம்மா கேட்டார்: "காலைல என்ன கண்ணு சாப்பிட்ட?"

பிள்ளை அம்மாவைப் பார்த்தாள். பின்னால் வரிசையில் நின்ற பெண்களைப் பார்த்தாள். "ஒண்ணும் சாப்பிடல."

"நேத்து ராத்திரி?"

"ஒண்ணும் சாப்பிடல."

வரிசையில் ஒருத்தி சிரித்தாள். "காத்தக் குடிச்சா கன்னம் இப்படி உப்புது?"

அக்கா சட்டென்று முந்தானையை இழுத்துப் பிள்ளையின் முகத்தை மூடினாள். டாக்டரம்மா சிரிக்கவில்லை. முந்தானையையே பார்த்தார்.

"மறைக்காதீங்கம்மா. வேளாவேளைக்குக் குடுக்குறீங்களா இல்லையா?"

"சாப்பிடவே மாட்டேங்குது டாக்டர்." பழகிய வார்த்தை, தானாக வந்துவிட்டது.

"எடை சரியாத்தான் இருக்கு. ஆனா நீங்களும் சாப்பிடலங்குறீங்க, புள்ளையும் சாப்பிடலங்குது. வயித்துல என்னன்னு பாத்துடுவோம். ரத்தம் எடுக்க எழுதித் தர்றேன், பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க."

முந்தானைக்குள்ளிருந்து பிள்ளையின் குரல் மெதுவாக வந்தது. "எனக்கு என்னம்மா நோவு? நானும் அண்ணன் மாதிரி செத்துப் போயிடுவேனா?"

அவளிடம் அண்ணனைப் பற்றி நாங்கள் யாரும் பேசியதே இல்லை. எங்கே நின்று கேட்டாளோ.

அக்கா வரிசையைத் திரும்பிப் பார்த்தாள். அத்தனை கண்ணும் பிள்ளை மேல்தான் இருந்தது. முந்தானையை விட்டாள்.

"நாலு இட்லி" என்றாள்.

"என்னம்மா?"

"காலைல நாலு இட்லி சாப்பிட்டா டாக்டர். நேத்து ராத்திரி மூணு தோசை, மீன் கொழம்பு ஊத்தி." கண்ணை இறுக மூடிக்கொண்டாள். "எம்புள்ள நல்லா சாப்பிடுவா. அவளுக்கு ஒரு நோவும் இல்ல."

டாக்டரம்மா எழுதியதை அடித்தார். டீச்சர் என்னைப் பார்த்தார். இந்தமுறை என் காலரைப் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன், உறுதியாகத் தெரியாது.

வீட்டுக்கு வந்ததும் அக்கா உப்பும் மிளகாயும் எடுத்துப் பிள்ளையைச் சுற்றி அடுப்பில் போட்டாள். கண் பட்டிருந்தால் நெடி வராது என்பது கணக்கு. எனக்கு நெடி ஏறி இருமல் நிற்கவில்லை. அக்காவுக்கு நம்பிக்கை வரவில்லை. இன்னும் இரண்டு மிளகாயைப் போட்டாள்.

மறுநாள் காலையில் பால்காரம்மாள் வந்தார். அக்கா உள்ளே இருந்ததால் பிள்ளையிடமே கேட்டார். "பாப்பா, எத்தன இட்லி சாப்பிட்ட?"

பிள்ளை உள்ளே ஓடிவந்து அம்மாவின் காதருகில் கேட்டாள். "நெசத்தச் சொல்லவா, வெளிய சொல்றதச் சொல்லவா?"

அக்கா வாசலை எட்டிப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"ரெண்டுன்னு சொல்லு" என்றாள்.