இடி கேட்டதும் கழற்றிய பிளக்

மகள் அந்த வாரம் சமர்ப்பிக்கவிருந்த ஆய்வுக்கட்டுரை என் மடிக்கணினியில் மட்டுமே இருந்தது. கணினி ஓயாமல் சூடேறி, விசிறியும் பேரிரைச்சல் எழுப்பியதால், தயாரிப்பாளரின் இணையத்தளத்திலிருந்து கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருளான ஃபேர்ம்வேரின் புதுப்பிப்பைத் தரவிறக்கி நிறுவத் தொடங்கினேன். முடியும்வரை மின்சாரத்தைத் துண்டிக்கக் கூடாதென்று திரை எச்சரித்தது.

அப்போது அம்பிட்டியப் பக்கம் இடி முழங்கியது. வழக்கம்போல வீட்டிலுள்ள பிளக்குகளையெல்லாம் கழற்றிக்கொண்டு வந்த கணவர், மடிக்கணினியின் பிளக்கையும் கழற்றிவிட்டார்.

"ஐயோ, என்னங்க செஞ்சீங்க? பாதியில நின்னா இது திரும்ப உயிர் பெறாதுங்க!"

"மின்னல் அடிச்சு எரிஞ்சிடுமேன்னுதானே கழற்றுனேன்..."

இடி ஓயாததால் பிளக்கைத் திரும்பச் செருக இருவருமே துணியவில்லை. நல்லவேளையாக, பற்றரி கடைசிவரை தாக்குப்பிடித்தது. கணினி மீண்டும் இயங்கியபோது விசிறி அடங்கியிருந்தது.

இப்போதெல்லாம் கோப்புகளைப் பிரதியெடுத்து, வானத்தைப் பார்த்து, அவரிடமும் சொல்லிவிட்டே புதுப்பிப்பைத் தொடங்குகிறேன். அவரும் இடி கேட்டால், பிளக்கைத் தொடுமுன் என் முகத்தைப் பார்க்கிறார்.