தகட்டின் மேல் ஒரு கை

இட்டுக்கட்டிச் சொல்வதென்றால் நடுநிசி, மின்வெட்டு, நாய் ஊளை எல்லாம் சேர்த்தே சொல்லியிருக்கலாம். இதில் அவை எதுவுமே இல்லை. மதியம் மூன்று மணி. வெளியே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. ஆனாலும் நடந்தது நடந்ததுதான். கேட்டவர்கள் இரண்டு பேர். இருவரும் இன்றும் நல்ல புத்தியோடுதான் இருக்கிறார்கள்.

அவள் பாடல்களுக்கு ஒலிக்கலவை செய்கிறவள். தொழிலில் எல்லோரும் அவளைக் 'காது' என்றுதான் கூப்பிடுவார்கள். அண்ணன் மெட்டுப் போட்டுப் பதிவு செய்வான். தங்கை அதையெல்லாம் கோத்து, கூட்டிக் குறைத்து, பாட்டாக்கித் தருவாள். அந்த வாரம் முழுக்க அவளுக்குச் சரியான தூக்கம் இல்லை. இடது காதில் ஓர் இரைச்சல் வேறு. காதுக்கே காது போனால் பிழைப்பு என்னாவது? அண்ணனிடம்கூட அவள் சொல்லவில்லை. இருட்டுவதற்குள் பாட்டைக் கொடுத்தாக வேண்டும். கொடுத்துவிட்டால் படுக்கலாம். அவளுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

அண்ணனுக்குப் பழைய கருவிகள் மேல் பைத்தியம். "கம்ப்யூட்டர்ல வர்ற எதிரொலி பிளாஸ்டிக் பூ மாதிரி. பார்க்கலாம், மோந்து பார்க்க முடியாது" என்பான். மூடிப்போன ஒரு ஸ்டுடியோவிலிருந்து அப்போதுதான் இரண்டு சாமான்களை வாங்கிப் போட்டிருந்தான். ஒன்று டிலே கருவி; பாடிய சொல்லைச் சற்றுப் பொறுத்துத் திரும்பத் திரும்பச் சொல்லும். இன்னொன்று கட்டில் நீளத்துக்கு ஒரு மரப்பெட்டி. உள்ளே மெல்லிய இரும்புத் தகடு ஒன்று தொங்கும். பாட்டை அதற்குள் அனுப்பினால் தகடு அதிரும். அந்த அதிர்வைப் பிடித்துக் கொண்டுவந்தால், பெரிய மண்டபத்தில் நின்று பாடியதுபோல முழக்கம் கிடைக்கும். சின்ன அசைவுகூடப் பாட்டில் கேட்டுவிடும் என்பதால், பெட்டியைக் கடைசி அறையில் வைத்துப் பூட்டியிருந்தார்கள். சாவி அவள் மேசை மேல் கிடந்தது.

அண்ணன் வெளி அறை சோபாவில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். அவள் பாடகியின் குரலை டிலேயில் விட்டு, அங்கிருந்து தகட்டுக்கு அனுப்பினாள். குரல் வந்தது. எதிரொலி வந்தது. அதன் பின்னால் முழக்கம் எழுந்தது. அது மெல்ல மெல்லத் தேய்ந்து மறைய வேண்டும்.

மறையவில்லை. நின்றது.

கீழே விழுந்து அதிரும் தாம்பாளத்தின் மேல் யாரோ உள்ளங்கையை வைத்தால் எப்படி நிற்குமோ, அப்படி.

காதுதான் போய்விட்டது என்று நினைத்தாள். திரும்ப ஓட்டினாள். இந்தமுறையும் நின்றது. ஆனால் அதே இடத்தில் இல்லை. ஒரு மயிரிழை தள்ளி. கருவி கெட்டால் ஒரே மாதிரிதான் கெடும். இது இடம் தேடிக்கொண்டிருந்தது.

மூன்றாம் தடவை, பாடகி அடுத்த வரிக்கு மூச்சிழுக்கும் இடத்தில் கச்சிதமாக நின்றது. அவளே நிறுத்தியிருந்தாலும் அங்கேதான் நிறுத்தியிருப்பாள்.

சாவியை எடுத்துக்கொண்டு போனாள். அறையைத் திறந்தாள். ஜன்னல் இல்லாத அறை. விளக்கைப் போட்டாள். பெட்டி இருந்தது. மூடியைத் தூக்கினாள். தகடு தொங்கியது. எலி இல்லை, பல்லி இல்லை. பூட்டிவிட்டுத் திரும்பி வந்தாள்.

பாட்டை நிறுத்தினாள். தகட்டிலிருந்து வரும் வழியை மட்டும் திறந்து, சத்தத்தைக் கூட்டினாள்.

உஸ்ஸ்ஸ்... வெறும் இரைச்சல்.

பிறகு... டப்.

கை எடுக்கும் சத்தம்.

அந்தப் பெட்டியில் மைக் கிடையாது. அறையில் நின்று கத்தினாலும் சரியாகக் கேட்காது. தகட்டைத் தொட்டால் மட்டும்தான் அப்படிக் கேட்கும். அது அவளுக்குத் தெரியும்.

"அண்ணா... எழுந்திரு."

அவன் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தான். "முடிஞ்சுதா?"

"பேசாம கேளு."

இரும்பின் மேல் தோல் உரசியது. மெதுவாக. இடம் மாற்றி வைப்பதுபோல.

அண்ணன் முகம் வெளுத்துவிட்டது. "உள்ள யாரு?"

"யாருமில்ல. பார்த்துட்டுத்தான் வந்தேன்."

"அணைச்சுடு. வா, வெளிய போயிடலாம்."

அவளும் எழுந்தாள். கால்கள் கேட்கவில்லை. அத்தனை அசதி. பயப்படுவதற்குக்கூட உடம்பில் தெம்பு வேண்டும். அவளிடம் அது மிச்சமில்லை.

"இன்னும் ரெண்டு சரணம் இருக்குண்ணா" என்று மறுபடி உட்கார்ந்தாள்.

பாட்டை ஓட்டினாள்.

ஒவ்வொரு வரியிலும் முழக்கம் எழுந்தது. ஒவ்வொரு மூச்சிலும் கை விழுந்தது. ஒன்றுகூடத் தப்பவில்லை. அண்ணன் அவள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

கடைசி வரி வரப்போகிறது. அதன் முழக்கம் மட்டும் தானாகத் தேய்ந்து அடங்க வேண்டும்.

மேசை மைக்கைத் தகட்டோடு இணைத்தாள்.

"ஐயா... கடைசி வரிய விட்டுடுங்க."

குரல் அந்தத் தகட்டில் பட்டுத் திரும்பி வந்தது.

விட்டுடுங்க... டுங்க... ங்க...

கடைசி வரி வந்தது.

முழக்கம் எழுந்தது.

அவள் காத்திருந்தாள்.

கை விழவில்லை.

முழக்கம் தேய்ந்து... தேய்ந்து... இல்லாமல் போனது.

அண்ணன்தான் பாய்ந்து பிளக்கைப் பிடுங்கினான்.

பாட்டைக் கொடுத்துவிட்டார்கள். எல்லோரும் மெச்சினார்கள். இரண்டு நாள் அடித்துப்போட்டதுபோல் தூங்கி எழுந்தபின், பெட்டியை விற்ற பெண்மணிக்கு அவள் போன் செய்தாள். அவருடைய அப்பாதான் அந்தப் பழைய ஸ்டுடியோவை நடத்தியவர்.

"முழக்கத்தை நிறுத்த இதுல ஏதாவது மோட்டார் இருக்காம்மா?"

"அது எப்பவோ கெட்டுப்போச்சு. அதுக்குன்னு ஒரு ஆள் இருந்தாரு. பெட்டிக்காரர்னு கூப்பிடுவோம். பூட்டின அறைக்குள்ள ஹெட்போன் மாட்டிக்கிட்டு, மூடியத் திறந்து வெச்சு உக்காந்திருப்பாரு. பாடுறவங்க மூச்சு விடுற இடத்துல தகட்டுமேல கைய வைப்பாரு."

"இப்ப எங்க இருக்காரு?"



"இறந்துட்டாரு. அந்த அறைக்குள்ளேயே, உக்காந்தபடியே. ராத்திரி பாட்டு முடிஞ்சு கதவைத் திறந்தப்பதான் தெரிஞ்சுது. உடம்பு விறைச்சுப் போயிருந்தது. காலையிலேயே உயிர் போயிடுச்சுன்னு டாக்டர் சொன்னாரு."

"காலையிலேயா? அப்ப அன்னைக்குப் பாட்டை யாரு..."

"பகல் முழுக்கப் பதிவு நடந்துச்சும்மா. ஒரு இடம்கூடத் தப்பல. அந்த டேப் இன்னும் எங்க வீட்லதான் இருக்கு. கடைசிவரைக்கும் எங்கப்பா அதைப் போட்டுக் கேக்கவே இல்ல."