எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் பல்லி டான்ஸ்

பெல்லி டான்ஸ் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்று வீட்டில் உண்மையைத்தான் சொன்னேன். என் மாமியார் காதில் அது பல்லி டான்ஸ் என்று விழுந்தது. அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

எங்கள் வீடு சின்ன காஞ்சிபுரத்தில், பெருமாள் கோயிலுக்கு அடுத்த தெருவில் இருக்கிறது. அந்தக் கோயிலில் இருக்கும் தங்கப் பல்லியையும் வெள்ளிப் பல்லியையும் தொட்டுக் கும்பிட எங்கெங்கிருந்தோ ஜனங்கள் வருகிறார்கள். இந்த ஊரில் பல்லிக்கு இருக்கும் மரியாதை பல மனிதர்களுக்குக் கிடையாது. "பல்லி டான்ஸா? பெருமாளுக்கு ஆடுறதா?" என்று அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டார். நான் வாயைத் திறப்பதற்குள் "போய்ட்டு வாம்மா, நல்ல காரியம்" என்று அனுமதியும் கொடுத்துவிட்டார். கிடைத்த அனுமதியை யாராவது திருப்பிக் கொடுப்பார்களா? செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

எல்லாம் இந்த இடுப்பால் வந்தது. நானும் என் கணவரும் வீட்டிலேயே பட்டு நெய்கிறோம். தறிக்குழிக்குள் காலைத் தொங்கவிட்டு, முதுகை வளைத்து உட்கார்ந்தே இருந்ததில், எழுந்த பிறகும் முதுகு நிமிர மறுத்தது. பிரசவத்துக்குப் பிறகு சரிந்துபோன வயிறு வேறு. அதை மறைக்க முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தரையைப் பார்த்தபடியே நடப்பேன். கல்யாண வீட்டில் போட்டோ எடுக்கக் கூப்பிட்டால், இருப்பவர்களிலேயே குண்டான சித்தியைத் தேடிப்பிடித்து அவருக்குப் பின்னால் நின்றுகொள்வேன். மருந்துக் கடையில் இருந்த தைலமெல்லாம் தேய்த்துப் பார்த்த பிறகு டாக்டரம்மா, "தைலம் போதும்மா. உடம்ப அசைங்க, இடுப்புக்கு வேலை குடுங்க" என்றார்.

அந்தச் சமயத்தில்தான் டிபன் கடை மாடியில் ஒரு பெண் வகுப்பு ஆரம்பித்தாள். சென்னையில் ஆடக் கற்றுக்கொண்டு, கல்யாணமாகி இங்கே வந்தவள். வாசல் பலகையில் 'பெண்கள் உடற்பயிற்சி' என்று மட்டும் எழுதியிருந்தாள். ஊரை நன்றாகப் புரிந்துவைத்திருந்தாள்.

வகுப்பில் பாதிப் பேர் என்னைப் போல் தறியில் உட்காருகிறவர்கள். "காலை மாத்தி மாத்தி அழுத்துங்க. இடுப்பு மட்டும்தான் ஆடணும், மேல் உடம்பு அசையக் கூடாது" என்றாள் டீச்சர். நாங்கள் காலை அழுத்தியதும் கைகளும் கூடவே இப்படியும் அப்படியும் வீசின. தறியில் கால் மிதித்தால், குறுக்கு நூலைக் கொண்டுபோகும் நாடாவைக் கை எறிந்தாக வேண்டும். அந்தப் பழக்கம் டான்ஸ் என்றால் விட்டுவிடுமா?

"கை எதுக்குங்க ஆடுது?" என்று டீச்சர் விழித்தாள்.

"புடவை நெய்றோம்மா, குறுக்க வராத" என்றது பின்வரிசையிலிருந்து ஒரு குரல். டீச்சர் உட்பட எல்லோரும் சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டோம். அன்றைக்கு வயிற்றுக்குக் கிடைத்த நல்ல பயிற்சி அதுதான்.

கை அடங்கச் சில வாரம் ஆனது. அதற்குள் இடுப்பில் இருந்த பிடிப்பு மெல்ல மெல்ல விட்டுப்போயிற்று. சுவரைப் பிடிக்காமல் தறிக்குழியிலிருந்து எழுந்தேன். படுத்தால் தூக்கம் வந்தது. டீச்சர், சலங்கை தைத்த துணியை ஆளுக்கு ஒன்றாகக் கொடுப்பாள். அதை இடுப்பில் கட்டிக்கொண்டு ஆடினால் வயிறு குலுங்குவது ஊருக்கே கேட்கும். முதலில் வெட்கம் பிடுங்கித் தின்றது. பிறகு சத்தம் போதவில்லையே என்று இன்னும் நன்றாகக் குலுக்கினேன். ஒளித்துவைத்த வயிறு எனக்குப் பிடித்துப்போயிற்று. அந்த மாடியில் நான் சந்தோஷமாக இருந்தேன்.

அதனால்தான் பயமும் கூடியது. விஷயம் வெளியே வந்தால் வகுப்பு போச்சு. அத்தையோ தெரு முழுக்கப் பெருமை அடித்துக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டு அக்கா என்னை நிறுத்தி, "எங்க வூட்டுக்காரர் தோள்ல பல்லி வுழுந்துடுச்சு. அவரும் வந்து ஆடினா தோஷம் போயிடுமா?" என்று கேட்டார். "பெண்களுக்கு மட்டும்தான்க்கா" என்று தப்பித்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை, சலங்கை கட்டி மும்முரமாக ஆடிக்கொண்டிருக்கும்போது கதவு திறந்தது. கையில் பூவும் கற்பூரமுமாக அத்தை நின்றார். பல்லியைத் தேடிச் சுவரையெல்லாம் பார்த்தார். பிறகு என் இடுப்பைப் பார்த்தார். டீச்சர் ஒரு நாற்காலியைப் போட, உட்கார்ந்து கடைசிவரை பார்த்தார். வீடு திரும்பும்போது, கொண்டுவந்த பூவோடும் கற்பூரத்தோடும் எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தார். திட்டியிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அன்று சாயங்காலம் டீக்கடையிலிருந்து கணவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தார். "அது பல்லியும் இல்ல, சாமியும் இல்லியாமே! வயித்த ஆட்டுற டான்ஸாமே! போன்ல எவளோ ஆடுறதக் காட்டிச் சிரிக்கிறானுங்க. நாளையிலேர்ந்து நீ போவாத" என்றார்.

பூ தொடுத்துக்கொண்டிருந்த அத்தை தலையைத் தூக்காமல் சொன்னார்: "நான் போய்ப் பாத்துட்டுதான்டா வந்தேன். வயித்ததான் ஆட்டுறாளுங்க. ஆட்டட்டும்."

"இன்னாம்மா நீயும் இப்படிச் சொல்ற?"

"புள்ள பெத்த நாள்லேர்ந்து தரையைப் பாத்துக்கினே நடந்தவடா அவ. இப்பதான் நிமுந்து நடக்கறா. உனக்குக் கண்ணு தெரியல? அவ போவட்டும்."

கணவர் தறிக்குப் போனார். நான் அடுப்படிக்குப் போய் அழுதேன். நான் குனிந்து நடந்ததை அத்தை இத்தனை வருஷமும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.