வளைவுப் பிள்ளையாரும் சவரிமுத்து லோயர் ஐயாவும்

ராணி, சந்திரன், அந்த வருஷம் சோறு போடும்போதெல்லாம் உங்கள் அம்மா ஏன் கண்ணைத் துடைத்துக்கொண்டாள் என்று உங்களுக்குத் தெரியாது. அப்போது நீங்கள் சின்னப் பிள்ளைகள். இப்போது எழுதிச் சொல்கிறேன். கோயிலுக்கு வருகிறவர்களும் படிக்கட்டும்.

எழுபதுகளின் நடுவில் ஓர் ஐப்பசி மாதம். அப்புத்தளையில் கோவாவும் லீக்ஸுமாக மரக்கறி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு பண்டாரவளைக்கு இறங்கிக்கொண்டிருந்தேன். லொறியில் நான் மட்டும்தான். கண் தெரியாத பனிமூட்டம். பிள்ளையார் கோயிலுக்குக் கீழே உள்ள வளைவில், தேயிலைத் தோட்டத்து ராசையா தோளில் விறகுக் கட்டோடு வந்திருக்கிறார். கட்டின் நுனி லொறியின் பக்கப் பலகையில் பட்டது. அது அவரைச் சுழற்றி ரோட்டோரத் தண்ணீர்க் கானுக்குள் தள்ளிவிட்டது. கால் முறிந்துவிட்டது. நானே தூக்கிக்கொண்டு போய் ஆஸ்பத்திரியில் சேர்த்தேன்.

சில மாதம் கழித்துப் பதுளைக் கோட்டிலிருந்து அழைப்பாணை வந்தது. நான் கண்மண் தெரியாத வேகத்தில் வந்து அவரை மோதினேன், நட்டஈடு தர வேண்டும் என்று வழக்கு. லொறியை விற்றாலும் அந்தப் பணத்துக்குக் காணாது. தோட்டத்து லயத்தை விட்டு வெளியே வந்து, அம்மாவின் நகையைக் கொடுத்து வாங்கிய லொறி அது. எனக்காகப் பேச ஒரு சாட்சி இல்லை. "பிள்ளையாரே, உன் வாசலில்தானே நடந்தது, நீ பார்த்தாய்தானே, ஒரு வழி காட்டு" என்று தினமும் அழுதேன். வழி தெரியவில்லை. இத்தனை நாள் நின்று நின்று கும்பிட்டதெல்லாம் வீண்தானோ என்றுகூட ஒரு நாள் நினைத்துவிட்டேன்.

அந்த வாரம்தான் மரக்கறிக் கடை முதலாளி என்னைச் சவரிமுத்து லோயர் ஐயாவிடம் அனுப்பினார். ஐயா வழக்குப் போடுகிறவர்களுக்காகப் பேசுவதில்லை, வழக்கில் மாட்டியவர்களுக்காக மட்டும்தான். பேக்கரிக்குப் பின்னால் ஒற்றை அறையில் தொடங்கியவர். நான் போனபோது மாடி முழுக்க அவருடைய கந்தோர்தான், இளம் சட்டத்தரணிகள் பலர். அதில் ஒருவர், "நொண்டி ஆளுதானே சேர், ரெண்டு அதட்டுல மடக்கிடலாம்" என்றார். ஐயா நிமிர்ந்து பார்த்தார். "காலு ஒடைஞ்சது உண்மை தம்பி. அவர அதட்டணும்னா நீங்க வேற கந்தோர் பாருங்க."

என்னிடம் அவர் அதிகம் கேட்கவில்லை. ஒரு நாள் அப்புத்தளைக்கே வந்து லொறியில் ஏறி உட்கார்ந்தார்.

"எப்பவும் எப்படி ஓட்டுவீங்களோ அப்படி ஓட்டுங்க. நான் ஒரு கோவா மூட்டைன்னு நெனைச்சுக்கங்க."

கோயில் வந்ததும் வழக்கம்போல நிறுத்தினேன். இறங்கி மணியை அடித்துத் திருநீறு பூசிக்கொண்டு ஏறினேன். ஐயா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கும் நிப்பாட்டுனீங்களா?"

"நிப்பாட்டாம எப்படிங்க போறது? யாருமே நிப்பாட்டாம போக மாட்டாங்க."

"இத ஏன் சொல்லல?"

"சாமி கும்பிட்டதெல்லாம் கோட்டுல சொல்றதாங்க?"

ஐயா வேதக்காரர், மாதா கோயிலுக்குப் போகிறவர். ஆனாலும் இறங்கி, சப்பாத்தைக் கழற்றிவிட்டு, கோயில் வாசலிலிருந்து வளைவு வரைக்கும் மெதுவாக நடந்து பார்த்தார். பத்து எட்டுக்கூட இருக்காது.

விசாரணை நாளில் கோட்டு வாசலில் ராசையாவின் மச்சான் என்னைப் பார்த்துச் சிரித்தார். "என்னங்க லொறி மொதலாளி, ஒங்க பக்கம் சாட்சிக்குப் பிள்ளையாரு வாராரா?" நான் அவரைத் தாண்டி உள்ளே போனேன்.

ராசையா கூண்டில் ஏறினார். ஐயா எழுந்து முதலில் கேட்டது, "காலு இப்ப எப்படிங்க இருக்கு?"

"மழைக்குக் கொடையுதுங்க."

"லொறி வர்றதுக்கு முந்தி ஏதாச்சும் சத்தம் கேட்டுச்சா?"

"கோயில் மணி கேட்டுச்சுங்க."

"யாரு அடிச்சது?"

"இவருதான். அந்தப் பனியில வேற யாரு இருக்கா? லொறிக்காரங்க எறங்கி அடிச்சுட்டுத்தானே போவாங்க."

"அப்புறம்?"

"நானும் கட்டோடயே ஒரு கையால கன்னத்துல போட்டுக்கிட்டேன். கும்பிட்டு முடிக்கல, அதுக்குள்ள லொறி கெளம்பி வந்திருச்சு."

ஐயா நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். அவ்வளவுதானா என்று நான் அவரையே பார்த்தேன். ஆனால் நீதிபதி எழுதுவதை நிறுத்திவிட்டு, கோயிலுக்கும் வளைவுக்கும் எவ்வளவு தூரம் என்று ராசையாவிடமே கேட்டார். "பத்து எட்டுகூட இருக்காதுங்க" என்றார் அவர். நின்று கிளம்பிய பாரமேற்றிய லொறிக்கு அந்தத் தூரத்தில் என்ன வேகம் வரும்? வழக்கு தள்ளுபடியானது.

பிள்ளைகளே, நான் கேட்ட வழியைப் பிள்ளையார் நான் கேட்பதற்கு முன்பே கொடுத்திருந்தார். வீண் என்று நினைத்தேனே, அங்கே நின்று கும்பிட்டதையே எனக்குச் சாட்சியாக்கினார். அதைப் பார்க்கிற கண்ணை ஐயாவுக்குக் கொடுத்திருந்தார்.

வெளியே வந்து ஐயாவின் கையைப் பிடித்தேன். "அவரு மணி சத்தம் கேக்கலன்னு சொல்லியிருந்தா என்னங்க ஆகியிருக்கும்?"

"சாமிக்குக் கன்னத்துல போடுற ஆளு பொய் சொல்ல மாட்டாருன்னு நம்பித்தான் கேட்டேன்" என்றார். பிறகு ராசையாவிடம் போய், கைத்தாங்கலாகப் படி இறக்கிவிட்டார்.

அன்றிலிருந்து ராசையா வீட்டு விறகு நம் லொறியில்தான் போகிறது. கோட்டுத் தீர்ப்பு அப்படிச் சொல்லவில்லை. நீங்களும் கஷ்டம் வரும்போது நம்பிக் கும்பிடுங்கள். கேட்டது கிடைக்கவில்லை என்று தோன்றினால், ஏற்கனவே கிடைத்துவிட்டதா என்று ஒரு தடவை திரும்பிப் பாருங்கள்.

வழக்கு முடிந்து அடுத்த நடை லொறியில் தனியாக வந்தேன். அதே பனி. மணியை அடித்துத் திருநீறு பூசிக்கொண்டேன். உடனே லொறியில் ஏறவில்லை. வளைவு வரைக்கும் நடந்து போய், அந்தப் பக்கம் யாராவது கன்னத்தில் போட்டுக்கொண்டு நிற்கிறார்களா என்று பார்த்தேன். யாரும் இல்லை. திரும்பி வந்து லொறியை எடுத்தேன்.