மணம் தெரியாமல் நான் ஊற்றிய குழம்பு

இந்த ரமலானில் என் மாமனார் நான் சமைத்ததைச் சாப்பிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். பிழைப்பாரா மாட்டாரா என்று யாரும் உறுதி சொல்லாத ஒரு பகல் இருந்தது. அந்தப் பகலில் நான் கேட்ட துஆவைப் பற்றித்தான் எழுதுகிறேன். சகோதரிகளே, எழுதும்போதே உடம்பு கூசுகிறது. ஆனால் அல்லாஹ் செய்த உதவியைச் சொல்ல வேண்டுமென்றால் என் வெட்கத்தையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. அதை மறைத்தால் உதவியும் பாதிதான் தெரியும்.

எங்கள் வீடு ஜெலுத்தோங்கில் இருக்கிறது. மாமா, நான், என் கணவர், எங்கள் ஐந்து பிள்ளைகள், கொழுந்தனார், அவர் மனைவி ஷரீபா, அவர்களுடைய மூன்று பிள்ளைகள் என்று பதிமூன்று பேர். ஷரீபா வேலைக்குப் போகிறவள். அதனால் அடுப்படி முழுக்க என் பொறுப்பு. பினாங்கில் இருந்துகொண்டு கடைச் சாப்பாடு வாங்குவதில்லை என்று சொன்னால் ஆட்கள் சிரிப்பார்கள். ஆனால் எங்கள் வீட்டுக்குள் தாப்பாவ் என்று கடையில் கட்டிக் கொடுக்கிற பொட்டலம் நுழைந்ததில்லை. மல்லி, மிளகாய், சோம்பு எல்லாம் நானே வறுத்து அரைப்பேன். ரொட்டி மாவு நானே பிசைவேன். பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கும் வீட்டுச் சாப்பாடுதான் கட்டிக்கொண்டு போவார்கள். இதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. கொஞ்சம் என்ன, நிறையவே உண்டு. அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு வயிற்று வலி என்றால், "வெளியில வாங்கிக் குடுத்தா அப்படித்தான் லா" என்று முதலில் வாயைத் திறப்பவள் நான்தான்.

ரமலானுக்குச் சில வாரம் முன்பு வீட்டில் எல்லாருக்கும் ஒரு காய்ச்சல் வந்து போனது. எனக்கும் போனது, போகும்போது என் மூக்கையும் கொண்டு போய்விட்டது. வெங்காயம் வதங்குகிற மணம் இல்லை. கறிவேப்பிலை மணம் இல்லை. எதை நாக்கில் வைத்தாலும் சூடு தெரிந்தது, ருசி தெரியவில்லை. இரண்டு நாளில் வந்துவிடும் என்று இருந்தேன். வரவில்லை.

யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் கரண்டி என் கையை விட்டுப் போய்விடும் என்று பயம். ஷரீபா அடுப்படிக்கு வருவாள், இல்லையென்றால் கொழுந்தனார் கடையில் வாங்கி வருவார். இந்த வீட்டுக்கு மருமகளாக வந்த நாள் முதல் என் கை ருசிதான் என் மரியாதை. அதுவும் போனால் என்னிடம் என்ன இருக்கிறது என்று நினைத்தேன். ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும், "யா அல்லாஹ், யாருக்கும் தெரிவதற்குள் திருப்பிக் கொடுத்துவிடு" என்று கேட்டேன். என் துஆவின் லட்சணத்தைப் பாருங்கள். குணமாவதை விட யாருக்கும் தெரியாமல் இருப்பதுதான் எனக்கு முக்கியமாக இருந்தது.

நோன்பு வந்தது எனக்கு வசதியாகப் போயிற்று. நோன்போடு சமைக்கும்போது நுனி நாக்கில் தொட்டுப் பார்த்துத் துப்பிவிடலாம் என்பார்கள். எங்கள் வீட்டில் அந்தப் பழக்கமும் இல்லை. கொதிக்கிற மணத்தை வைத்தே உப்பையும் காரத்தையும் நிதானிப்போம். என்னிடம் மணமும் இல்லாததால் கைக்கணக்கில் போட்டேன், அல்லாஹ் விட்ட வழி என்று இறக்கினேன்.

இன்னொரு வசதியும் இருந்தது. சாப்பாட்டைக் குறை சொல்லாமல் இருப்பது நபிவழி என்று மாமா வீட்டில் கண்டிப்பாக வைத்திருந்தார். பிடித்தால் சாப்பிட வேண்டும், பிடிக்காவிட்டால் பேசாமல் ஒதுக்க வேண்டும். உப்பு இல்லை, புளிக்கிறது என்று எந்தப் பிள்ளையும் சொல்லாது. ஒரு நாள் மசாலா கருகியது எனக்கே கண்ணில் தெரிந்தது. அன்றைக்கும் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த அமைதியைப் பார்த்து, சமையல் நன்றாகத்தான் இருக்கிறது என்று நானே என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன்.

ரமலானின் நடுப் பத்து நாட்களில் ஒரு நாள். காலையில் பாசார் சந்தையில் பிழிந்து வாங்கிய தேங்காய்ப்பாலை, ஐஸ்பெட்டியில் இடம் ஒதுக்கிவிட்டு வைக்கலாம் என்று மேசையில் வைத்தேன். அப்படியே மறந்துவிட்டேன். சாயங்காலம் அசர் தொழுகைக்குப் பிறகுதான் ஞாபகம் வந்தது. அன்று நல்ல வெயில். பையைப் பிரித்து, பழக்கதோஷத்தில் முகர்ந்து பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. வாடை வரவில்லை, அதனால் கெடவில்லை என்று முடிவு செய்தேன். செத்த மூக்கிடம் யோசனை கேட்டவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். மீன்குழம்பில் ஊற்றினேன். குழம்பு திரிந்தாற்போல் இருந்தது. தீ அதிகம் என்று நினைத்து அடுப்பைக் குறைத்தேன்.

பேரீச்சம்பழமும் கஞ்சியும் எடுத்து நோன்பு திறந்து, மக்ரிப் தொழுதுவிட்டு எல்லாரும் சோற்றுக்கு உட்கார்ந்தார்கள்; நான் பரிமாறினேன், எல்லாரும் முடித்த பிறகுதான் நான் சாப்பிடுவது. என் கணவர் புக்கிட் தெங்கா தொழிற்சாலையில் ஷிப்டில் இருந்தார். ஷரீபா வேலையிலிருந்து இன்னும் வரவில்லை. பிள்ளைகள் குழம்பை ஒதுக்கிவிட்டு முட்டையைத் தொட்டுச் சாப்பிட்டார்கள். கொழுந்தனார் ஒரு வாய் வைத்தார், அப்புறம் அவரும் முட்டைத் தட்டை இழுத்துக்கொண்டார். என் முகம் வாடிப்போனது. மாமாவின் தட்டு மட்டும் காலியானது. எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

"இன்னும் கொஞ்சம் ஊத்தவா மாமா?"

அவர் என் முகத்தைப் பார்த்தார். "ஊத்தும்மா" என்றார்.

ஊற்றினேன். 

அன்று மாமா தராவீஹ் இரவுத் தொழுகைக்குப் போகவில்லை. வாந்தியும் வயிற்றுப்போக்கும் நிற்கவே இல்லை. எழுபதைத் தாண்டிய மனிதர், சர்க்கரை வியாதிக்காரர், சிறுநீரகமும் ஏற்கெனவே பலவீனம். ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மறுநாள் காலை டாக்டர் வந்தார். தமிழ்ப் பெண். உடம்பில் தண்ணீர் வற்றிவிட்டது, சிறுநீர் இறங்கவில்லை, இன்றைக்குப் பார்த்துத்தான் எதுவும் சொல்ல முடியும் என்றார்.

"நேத்து என்ன சாப்பிட்டாரு? கடைச் சாப்பாடா, வீட்டுச் சாப்பாடா?"

கொழுந்தனார் முந்திக்கொண்டார். "வீட்டுச் சாப்பாடுதான் டாக்டர். எங்க மதினி வெளியில வாங்கவே விடமாட்டாங்க."

அவர் மதினியை விட்டுக்கொடுக்காமல்தான் சொன்னார். என்னால் அங்கே நிற்க முடியவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, ஆஸ்பத்திரியில் தொழுவதற்கென்று இருக்கிற சூராவுக்குப் போய்விட்டேன்.

லுஹர் தொழுதுவிட்டுக் கையேந்தினேன். என் வாயில் முதலில் என்ன வந்தது தெரியுமா? "யா அல்லாஹ், என் மூக்கு விஷயம் யாருக்கும் தெரிய வேண்டாம்." அத்தனை நாள் அதையே கேட்டுப் பழகிய வாய். உள்ளே மாமா உயிருக்குப் போராடுகிறார், வெளியே நான் என் பெயரைக் காப்பாற்றச் சொல்லிக் கேட்கிறேன். என் குரல் என் காதில் விழுந்தது. அதைப் போல ஒரு கேவலத்தை நான் வாழ்நாளில் உணர்ந்ததில்லை. ஏந்திய கையாலேயே முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். பிறகு வேறு மாதிரி கேட்டேன். "எல்லாருக்கும் தெரியட்டும். மூக்கு வராவிட்டாலும் போகட்டும். கரண்டியை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும். அந்த மனிதரை மட்டும் வீட்டுக்கு அனுப்பிவிடு ரப்பே."

அப்படிக் கேட்டுவிட்டு மறுபடியும் மறைத்தால் அது அல்லாஹ்விடமே பொய் சொன்னதாகிவிடும். எழுந்து நேரே வார்டு வாசலுக்குப் போனேன். என் கணவரும் கொழுந்தனாரும் ஷரீபாவும் நின்றிருந்தார்கள். எனக்கு மணம் தெரிவதில்லை, ருசி தெரிவதில்லை, குழம்பில் ஊற்றியது கெட்டுப்போன பாலாகத்தான் இருக்கும் என்று மூன்று பேரிடமும் சொல்லிவிட்டேன்.

என் கணவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். ஷரீபாதான் என் கையைப் பிடித்தாள்.

"சாப்பாடு மாறிப்போச்சுன்னு எங்க எல்லாருக்கும் தெரியும்க்கா. நீங்க களைச்சுப் போயிட்டீங்கன்னு நெனச்சோம். 'அவ நோன்போட நின்னு இத்தன பேருக்குச் சமைக்கிறா, எவனும் மூஞ்சி சுளிக்கக் கூடாது'ன்னு மாமாதான் பிள்ளைங்ககிட்ட சொல்லி வச்சிருந்தாங்க."

"நேத்துக் குழம்பு?" என்று கொழுந்தனாரைக் கேட்டேன்.

அவர் தயங்கினார். "புளிச்சுப் போயிருந்துச்சு மதினி. அத்தாவுக்குக் கண்ணக் காட்டுனேன். அவங்க கேக்கல."

மாமாவுக்குத் தெரிந்திருக்கிறது. பிள்ளைகள் ஒதுக்கியதில் என் முகம் வாடியதைப் பார்த்துவிட்டு, ஒரு தட்டாவது காலியாகட்டும் என்று சாப்பிட்டிருக்கிறார். அதற்கு நான் செய்த மரியாதை இன்னொரு கரண்டி.

அசர் நேரத்தில் நர்ஸ் வெளியே வந்து, "சிறுநீர் எறங்கிருச்சு, இனி பரவால்ல" என்றாள். அப்படியே நடையில் ஒரு ஓரமாக ஸஜ்தாவில் விழுந்தேன். போகிறவர்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று கிடந்தேன். ஒரு வாரத்தில் மாமா வீட்டுக்கு வந்துவிட்டார்.

அவரைப் பார்க்கவே எனக்கு முகமில்லை. மன்னிப்புக் கேட்கப் போனேன். அவர் என்னை விட அதிகமாக வெட்கப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மிச்ச ரமலான் முழுக்க நோன்பு பிடிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். வீடே நோன்பிருக்க, தான் மட்டும் பகலில் சாப்பிடுவது அவருக்குத் தாங்கவில்லை. நான் பேச வாயெடுப்பதற்குள், "அடுப்படியில ஒரு நாற்காலி போடும்மா" என்றார்.

போட்டேன். வந்து உட்கார்ந்தார்.

"இப்ப வீட்டுல நோன்பில்லாத வாய் இது ஒண்ணுதான். இதுக்கும் ஒரு வேலை இருக்கட்டும். கஞ்சியில ஒரு கரண்டி கொண்டா."

கொடுத்தேன். ஊதிக் குடித்தார்.  நான் இந்த வீட்டுக்கு வந்து பதினெட்டு வருடத்தில் என் சமையலைப் பற்றி நல்லதோ கெட்டதோ அவர் சொன்னதில்லை. இப்போது சொல்லப்போகிறார் என்று தெரிந்ததும் அவர் பக்கம் குனிந்து நின்றேன்.

"உப்பு பத்தலம்மா" என்றார். அப்புறம் அவரே, "இது குறை சொல்றது இல்ல. உனக்கு மூக்கு இல்ல, அதுக்காகச் சொல்றது" என்று சேர்த்துக்கொண்டார்.

உப்பைப் போட்டேன். அழுகையில் கை தடுமாறி அதிகமாக விழுந்துவிட்டது. அதையும் சொன்னார்.

என் மூக்கு இன்னும் வரவில்லை. வரலாம், வராமலும் போகலாம் என்கிறார் டாக்டர். இப்போது தேங்காய்ப்பாலையும் மீனையும் ஷரீபா முகர்ந்து பார்த்துச் சொன்ன பிறகுதான் அடுப்பில் ஏற்றுகிறேன். களைத்த நாளில் கொழுந்தனார் தாப்பாவ் வாங்கி வருகிறார், நானும் வாயை மூடிக்கொண்டு சாப்பிடுகிறேன். அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு வயிற்று வலி என்றால் கஞ்சி வைத்துக் கொடுத்து அனுப்புகிறேன், பேச்சு வருவதில்லை.

சகோதரிகளே, நான் மறைக்கச் சொல்லிக் கேட்டதை எல்லாம் அல்லாஹ் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் இன்னும் எத்தனை தட்டில் என்ன ஊற்றியிருப்பேனோ. மறைப்பதை விட்டுவிட்டுக் கேட்ட ஒன்றை அன்று அசருக்குள் கொடுத்துவிட்டான். நீங்களும் அவனிடம் கேளுங்கள். உள்ளதை உள்ளபடி சொல்லிக் கேளுங்கள். உங்கள் வெட்கத்தைத் தாங்குகிற ஆட்களை அவன் உங்கள் வீட்டிலேயே வைத்திருப்பான்.

பெருநாள் முடிந்த பிறகும் அந்த நாற்காலி அடுப்படியில்தான் கிடக்கிறது. இன்று மதியம் ரசத்தைக் குடித்துவிட்டு மாமா, "புளி கொஞ்சம் தூக்கல்" என்றார். அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் சேர்த்தேன்.