அப்பாவின் அறையில் எடுத்த பதிவுகள்

ஆட்கள் போனில் பேசும்போது பின்னால் கேட்கும் சத்தத்தை அழிப்பதுதான் என் வேலை. கொழும்பில் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனம். வீடியோ அழைப்புக்கான செயலி ஒன்றைச் செய்கிறோம். ஃபான், மழை, வாகனம் போன்ற இரைச்சலை நீக்கிப் பேச்சை மட்டும் மறுபக்கம் அனுப்புவது என் பொறுப்பு. எதிரொலியும் என் தலையில்தான். உங்கள் குரல் மறுபக்கத்து ஸ்பீக்கரில் ஒலித்து, அங்கேயுள்ள மைக்குக்குள் புகுந்து, உங்களிடமே திரும்பி வராமல் தடுக்க வேண்டும். ஒழுங்காகச் செய்தால் ஒருவருக்கும் தெரியாது. பிழை விட்டால் எல்லோரும் திட்டுவார்கள். கலியாண வீட்டில் யாராவது என்ன வேலை என்று கேட்டால் ‘கம்பியூட்டர்’ என்று சொல்லிவிட்டு வடையில் கையை வைத்துவிடுவேன்.

வெள்ளவத்தையில், கடல் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில், மூன்றாம் மாடியில் நானும் அப்பாவும் இருந்தோம். அம்மா போய்ப் பல வருடம். தங்கச்சி கனடாவில். அவள் அங்கே தனக்குப் பிடித்த ஒருவரைப் பதிவுத் திருமணம் செய்துவிட்டுத்தான் வீட்டுக்குச் சொன்னாள். அன்றோடு அப்பா அவளுடன் கதைப்பதை நிறுத்தினார். திட்டவில்லை, கத்தவில்லை. அவளுடைய அழைப்பு வந்தால் பேப்பரை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போய்விடுவார். ஐந்து வருடம் அப்படியே போனது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் எனக்குப் போன் எடுப்பாள். வைக்கும் முன் தவறாமல் ஒரு கேள்வி வரும்.

“அப்பா என்னைப் பற்றி ஏதும் கேட்டவரோ, அண்ணா?”

“இல்லை,” என்பேன். ஆறுதலுக்காகக்கூட நான் பொய் சொல்ல மாட்டேன் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அந்த வருடம் அலுவலகத்தில் ஒரு யோசனை எழுந்தது. எங்கள் மென்பொருளுக்குப் பழக்கிய இரைச்சல் எல்லாம் வெளிநாட்டு இரைச்சல். அதற்குக் கரையோர ரயில் தெரியாது, பாண், பணிஸ் விற்க வரும் த்ரீவீல் வண்டியின் பாட்டுத் தெரியாது, தேங்காய் திருவும் சத்தம் தெரியாது. ஆகவே ஆளாளுக்கு வீட்டுச் சத்தங்களைப் பதிவுசெய்து கொண்டுவாருங்கள் என்றார் மேலாளர். விதி எளிது. பதிவில் யாராவது பேசிய சொல் இருந்தால் அதைக் கழிவு ஃபோல்டரில் போட வேண்டும். சொல் இல்லையென்றால் அது இரைச்சல்.

மற்றவர்கள் கடமைக்கு நாலைந்து கொண்டுவந்தார்கள். நான் விழுந்து விழுந்து எடுத்தேன். வீட்டிலேயே பழைய ஃபான் அப்பாவின் அறையில்தான் இருந்தது. சுற்றும்போது நோயாளி மாதிரி முனகும். அவருடைய அலுமாரிக்கு மேல் போனை வைத்துவிட்டு, ஹெட்போனை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்பேன். அப்பா ஜன்னலோரக் கதிரையில் பேப்பர் பார்த்தபடி மூக்கால் ஏதோ இழுத்துக்கொண்டிருப்பார். தேவாரமாக இருக்கலாம், பழைய சினிமாப் பாட்டாகவும் இருக்கலாம். ‘ம்ம்ம்’ என்று ஒரே சுருதி, சொல் கிடையாது. சொல் இல்லாததால் அந்தப் பதிவுகள் எல்லாம் இரைச்சல் ஃபோல்டருக்குப் போயின. நூறுக்கு மேல் கொடுத்தேன். மேலாளர் எல்லோர் முன்னிலையிலும் என்னைப் பாராட்டினார்.

இரண்டு மாதம் கழித்து அப்பாவுக்குப் பாரிசவாதம் வந்தது. வலப்பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. மிஞ்சியது அந்த ‘ம்ம்ம்’ ஒன்றுதான். பகலில் பார்த்துக்கொள்ள கொட்டாஞ்சேனையிலிருந்து ஓர் அக்கா பஸ்ஸில் வந்து போனார். அப்போது எனக்கு என்ன தோன்றியது என்று யாராவது கேட்டால் சொல்ல ஒன்றுமில்லை. மருந்துப் பட்டியலைச் சுவரில் ஒட்டினேன். கட்டிலுக்கு எதிரே ஒரு டேப்லெட்டை நிறுத்தி, அதில் எங்கள் செயலியின் புதிய சோதனைப் பதிப்பைப் போட்டேன். தங்கச்சியையும் அதையே போடச் சொன்னேன். வீட்டு ஆட்களை வைத்தே சோதித்துப் பார்க்கலாம் என்ற எண்ணமும் அதில் இருந்தது.

அவளுக்கு வயிற்றில் பிள்ளை. விமானத்தில் ஏறக்கூடாது என்று டொக்டர் சொல்லியிருந்தார். அதனால் ஒவ்வொரு நாள் காலையிலும் ஏழு மணிக்கு எடுத்தாள். திரையில் அவள் முகம் வந்ததும் அப்பா கண்ணை எடுக்காமல் பார்ப்பார். கொஞ்ச நேரத்தில் ‘ம்ம்ம்’ என்று தொடங்குவார். ஐந்து வருடம் கதைக்காத மனிதர் அவளைப் பார்த்து மூச்சு முட்ட இழுத்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் நின்று கோப்பி குடித்தேன்.

இரண்டு கிழமை போனது. ஒரு நாள் அவள் எனக்குத் தனியாக எடுத்தாள்.

“அவர் இன்னும் என்னோட கோபம்தான், என்ன?”

“விசரோ உனக்கு? ஒவ்வொரு நாளும் உன்னோட கதைக்கிறார்தானே.”

“எங்கை கதைக்கிறார்? வாயை இறுக்கி மூடிக்கொண்டு என்னைப் பார்க்கிறார். நான் மட்டும் அலட்டிக்கொண்டிருக்கிறன். எனக்காகப் பொய் சொல்லாதை, அண்ணா.”

அதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நோயாளியைத் தூரத்திலிருந்து பார்ப்பவர்கள் இப்படித்தான் எதையாவது கற்பனை செய்வார்கள் என்று நினைத்தேன். அடுத்த நாள் ஏழு மணிக்கு அழைப்பு வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. அப்பா இருண்ட திரையைப் பார்த்தபடி கிடந்தார்.

மூன்றாம் நாள் கொட்டாஞ்சேனை அக்கா அப்பாவின் முகத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

“தம்பி, ஐயா இம்புட்டு நாளும் அந்தப் புள்ளைக்குப் பாடிக்கிட்டுத்தானே இருந்தாரு. அது அங்க கேக்குதான்னு ஒருக்கா பாத்தீங்களா?”

இந்த வேலைக்கு எனக்குச் சம்பளம் தருகிறார்கள். எனக்கு அது தோன்றவில்லை.

என் போனிலிருந்து டேப்லெட்டுக்கு ஓர் அழைப்பை எடுத்துவிட்டு அடுத்த அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன். ஒரு காதில் மட்டும் இயர்போனை மாட்டினேன். மற்றக் காதில் சுவருக்கு அப்பால் அப்பா இழுப்பது கேட்டது. இயர்போனில் ஒன்றுமே இல்லை. ஃபான் இல்லை, ரயில் இல்லை, அப்பா இல்லை. அவ்வளவு சுத்தமான அமைதியை எங்கள் செயலியில் நான் அதுவரை கேட்டதில்லை. எங்கே பிழை நடந்தது என்று அந்த இடத்திலேயே தெரிந்துவிட்டது. அப்பாவின் குரலை இரைச்சல் என்று அந்த மென்பொருளுக்கு நூறு தடவை சொல்லிக் கொடுத்தவன் நான்தான்.

சோதனைப் பதிப்பில் எங்களுக்கு மட்டும் தெரியும் இரண்டு பொத்தான்கள் உண்டு. அப்பாவின் அறைக்குத் திரும்பி, டேப்லெட்டில் இரைச்சல் நீக்கத்தை நிறுத்தினேன். அந்த வேகத்தில் எதிரொலித் தடுப்பையும் நிறுத்திவிட்டேன். அதிலிருந்தே தங்கச்சிக்கு ஆறு தடவை எடுத்தேன். ஏழாம் தடவை எடுத்தாள்.

“என்ன அண்ணா? அங்கை என்ன இவ்வளவு இரைச்சல்?”

“பேசாமல் ஒரு நிமிஷம் இரு.”

டேப்லெட்டை அப்பாவின் பக்கம் திருப்பினேன். ஃபான் முனகியது. கீழே ரயில் ஒன்று போனது. அது போய் முடிந்தபோது அப்பா தொடங்கியிருந்தார். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“இது அவர் பேப்பர் பார்க்கேக்க...” என்றாள். பிறகு, “அப்பா,” என்றாள். உடனே திடுக்கிட்டாள். “அண்ணா, என்ரை குரல் எனக்கே திரும்பிக் கேக்குது.”

“எதிரொலி. நிப்பாட்டி விடுறன். நீ கதைக்கிறது அப்பாவின்ரை அறையிலை ஒலிச்சு, அங்கையிருந்து திரும்பி வருது.”

“அவர் படுத்திருக்கிற அறையிலையிருந்தோ?”

“ஓம்.”

“அப்ப அதை நிப்பாட்டாதை.”

அதன் பிறகு அவள் ஒவ்வொரு நாளும் ‘அப்பா’ என்று சொல்லிவிட்டு, அந்தச் சொல் அவரிடம் போய்த் திரும்பி வரும்வரை பொறுத்திருப்பாள். அப்பா இழுப்பார். அவர் சாப்பிட்டாயா என்று கேட்டதுபோல, “ஓம் அப்பா, சாப்பிட்டிட்டன்,” என்பாள். என் தொழிலில் இதைவிடக் கேவலமான ஒலித்தரம் கிடையாது. தலையிடி வரும். அவர்கள் இரண்டு பேரும் அரை மணி நேரம் அப்படிக் கதைத்துக்கொண்டிருப்பார்கள்.

இருபத்திரண்டு நாள் கிடைத்தது. பிறகு பாரிசவாதம் இரண்டாவது தடவை வந்தது. அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பவில்லை. செத்தவீட்டில் நான் அழவில்லை. வந்தவர்களுக்கு எத்தனை கதிரை, எத்தனை சோடா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பெடியன் மனத் தைரியம் உள்ளவன் என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. மனத் தைரியம் இல்லை. உள்ளே ஒன்றும் இல்லை, அவ்வளவுதான்.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்து வேலைக்குப் போனபோது மேலாளரிடம் பிழையைச் சொன்னேன். அவர் நல்ல மனிதர், நிறைய மன்னிப்புக் கேட்டார். இரைச்சல் ஃபோல்டரிலிருந்து அப்பாவின் பதிவுகளை எடுத்துவிட்டு மென்பொருளைத் திரும்பப் பழக்கலாம் என்றார். தரம் பிரித்ததில் வேறு பிழைகளும் இருக்கலாம், கழிவு ஃபோல்டரையும் ஒருதரம் பார்த்துவிடு என்றார். அங்கே உட்கார்ந்து அப்பாவைக் கேட்டேன். மூன்று நாள் எடுத்தது. எது ஃபான், எது அப்பா என்று பார்த்துப் பார்த்துப் பிரித்தேன். சாதாரண வேலைபோலத்தான் இருந்தது.

கழிவு ஃபோல்டரில் எங்கள் வீட்டுப் பதிவு ஒன்றே ஒன்றுதான் இருந்தது. பதினொரு நிமிடம். முதலில் ஃபான். பிறகு அப்பாவின் இழுப்பு. அது நிற்கிறது. பேப்பரை மடிக்கும் சத்தம். பிறகு அப்பாவின் குரல், பாரிசவாதத்துக்கு முந்திய முழுக் குரல்.

“தங்கச்சியோ லைனிலை? முடிய என்னட்டை ஒருக்காத் தா.”

ஹெட்போனோடு வாசலில் நின்ற என்னைப் பார்த்து, நான் அவளுடன் கதைப்பதாக நினைத்திருக்கிறார். ஐந்து வருடத்துக்குப் பிறகு கேட்டிருக்கிறார். அதற்குப் பதிலாக என் குரல், எரிச்சலோடு:

“ஒருத்தரும் இல்லை அப்பா. ரெக்கோட் பண்ணுறன். சத்தம் போடாதேங்கோ.”

அதில் சொல் இருந்தது. விதிப்படி கழிவில் போட்டிருக்கிறேன். போட்ட ஞாபகம்கூட எனக்கு இல்லை. அடுத்த ஞாயிறும் அவள் கேட்டிருப்பாள், நானும் ‘இல்லை’ என்று சொல்லியிருப்பேன். எனக்கு வெட்கமாக இருந்தது. நெடுநாளுக்குப் பிறகு எனக்குள் வந்த முதல் உணர்ச்சி அது.

என் குரலை மட்டும் வெட்டிவிட்டு அவளுக்கு அனுப்பலாம். இரண்டு நிமிட வேலை. ஒட்டுப் போட்ட இடம் யாருக்கும் தெரியாமல் செய்யத் தெரியும். அப்படிச் செய்து, ஒருதரம் போட்டும் கேட்டேன். பிறகு அதை அழித்துவிட்டு முழுதையும் அனுப்பினேன்.

அடுத்த நாள் காலை ஏழு மணிக்கு அவள் எடுத்தாள்.

“முழுக்கக் கேட்டனான், அண்ணா.”

“ம்.”

“அதுக்குப் பிறகு பத்து நிமிஷம் கிடக்கு. அவர் பாட்டுக்கூட இழுக்கேல்லை. ஃபான் மட்டும்தான்.”

“ஓம்.”

“நீ சத்தம் போடாதேங்கோ எண்டபடியால்.”

“ஓம்,” என்றேன்.