கடுகு நிறக் கைத்தறி

எங்கள் கட்சித் தலைவர் மேடையில் என்ன பேசினார் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. பக்கத்தில் இருந்த அவர் மனைவி என்ன உடுத்தியிருந்தார் என்று கேளுங்கள், சொல்கிறேன். பெரும்பாலும் கைத்தறிப் புடவை, ஒல்லியான கரை, முழங்கை வரை இறங்கும் ரவிக்கை, கழுத்தில் மெல்லிய சங்கிலி. கொசுவம் ஒவ்வொன்றும் ஒரே அகலம். பட்டுக்கு ஏங்குகிற ஊரில் இருந்துகொண்டு பார்க்கும்போது எனக்குப் பொறாமையாகக்கூட இருக்கும்.

கட்சிக்காரர்களுக்கு அவர் ‘அண்ணி’. கிளைப் பொறுப்பில் இருக்கும் என் வீட்டுக்காரருக்கும் அண்ணிதான். வயதில் இவர்தான் மூத்தவர், அது வேறு விஷயம்.

சொந்தத்திலும் எனக்கு ஓர் அண்ணி உண்டு. அண்ணனோடு ஆரம்பாக்கத்தில் இருக்கிறார். அவர்கள் வீட்டுப் புதுமனை புகுவிழாவுக்கு, பொன்னேரியில் மீன் விற்ற கையோடு போய்விட்டேன். “கவுச்சிப் புடவையோட என் வாசப்படிய மிதிச்சிட்டாளே” என்று அன்றோடு பேச்சை நிறுத்திவிட்டார். நானும் கண்டுகொள்ளவில்லை. மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானதும்தான் உறைத்தது. தாய்மாமன் சீர்த்தட்டு தூக்கி வர வேண்டுமே! அண்ணனோ, “அவ வந்தாதான் நான் வருவேன்” என்று சொல்லிவிட்டார். மாமன் இல்லாமல் பெண்ணை எப்படி மணையில் உட்கார வைப்பது?

அந்தச் சமயத்தில்தான் எங்கள் தோணிரேவில் மீன் ஏலக் கூடத்தைத் திறக்கத் தலைவர் மனைவி வருவதாகப் பேச்சு எழுந்தது. கடுகு நிறத்தில் ஒரு கைத்தறி வாங்கி, கஞ்சி போட்டு, மடிப்புக் கலையாமல் எடுத்து வைத்தேன். முழங்கை வரை ரவிக்கையும் தைத்தாயிற்று. ஒரு நாள் காலையில் வீட்டுக்காரர் போன் செய்தார்.

“அண்ணி வராங்களாம். ரோட்டாண்ட போய் நில்லு.”

பக்கத்து வீட்டுக்காரிதான் கொசுவம் பிடித்துப் பின் குத்திவிட்டாள். “இன்னாக்கா, எலெக்‌ஷன்ல நிக்கப் போறியா?” என்று கேலி வேறு. ஓட்டமும் நடையுமாகப் போனேன். ரோட்டில் கொடியும் இல்லை, காரும் இல்லை. பஸ்ஸிலிருந்து இறங்கியது என் சொந்த அண்ணி; அண்ணன் சொல்லித்தான் வீட்டுக்காரர் போன் செய்திருக்கிறார்.

என்னை மேலும் கீழும் பார்த்தார். “பத்திரிகையில உங்க அண்ணன் பேரு போடாதனு சொல்லிட்டுப் போலாம்னுதான் வந்தேன்” என்றார். பிறகு என் முந்தானையைக் கையில் எடுத்து, அதன் விறைப்பைத் தடவிப் பார்த்தார்.

“எனக்கோசரமா இப்டி கட்டினு வந்து நிக்கிற?”

“பின்ன? அண்ணி வராங்கனு சொன்னாங்க” என்றேன்.

அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அவர் கண் கலங்கிவிட்டது. வீட்டுக்கு வந்து மீன் குழம்பு சாப்பிட்டார். பத்திரிகையில் தாய்மாமன் பெயர் எங்கே வர வேண்டும் என்றும் அவரே சொன்னார். அவர் கிளம்பும்போது, நான் வேறு மாற்றிக்கொண்டு அந்தப் புடவையை மடித்து அவர் பையில் வைத்தேன். வேண்டாம் என்று ஒரே ஒரு முறைதான் சொன்னார்.

அடுத்த வாரம் தலைவர் மனைவி வந்தார். வெடிச் சத்தம் கேட்டபோது நான் பழைய புடவையில் இறால் உரித்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரர் மூச்சிரைக்க ஓடிவந்தார்.

“அண்ணி வந்துட்டாங்க. நீ இன்னா இங்கயே குந்தினு கீற? பாக்க வரல?”

“நான் போன வாரமே பாத்துட்டேன்” என்றேன்.